எந்தப் பெயருக்கும் திறந்த பெட்டி

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. இரண்டாயிரத்து ஐந்தில் அது முற்றிப்போயிருந்தது. டிப்ளமோ முடித்துவிட்டு, சென்னையில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ வரைக்கும் போய், "சொல்லி அனுப்பறோம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு மரக்காணத்துக்குத் திரும்பியிருந்தேன். போன் அடித்தால் ஓடுவேன். அடிக்காவிட்டாலும் எழுந்து போய் ரிசீவரை எடுத்து டயல் டோன் வருகிறதா என்று பார்ப்பேன். அம்மாவுக்கு என்னைப் பார்த்தாலே தலை சுற்றியது. "எங்கனா போய்த் தொல" என்று அவள் சொன்ன அன்றுதான், உப்பளத்தை ஒட்டிய பழைய கிடங்கில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மறுநாள் காலையே போய் நின்றேன்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைக்கு வந்த நிவாரண அமைப்புகளில் ஒன்று அந்தக் கிடங்கை வாடகைக்குப் பிடித்திருந்தது. உப்பு மூட்டை அடுக்கக் கட்டிய இடத்தில் கம்ப்யூட்டர் வைக்கலாம் என்று யாருக்குத் தோன்றியதோ தெரியாது. சுவரைத் தொட்டால் கை பிசுபிசுக்கும். தானமாக வந்த பழைய கம்ப்யூட்டர்கள் ஒன்று மாற்றி ஒன்று மண்டையைப் போடும். திறந்து பார்த்தால் உள்ளே மெமரி கார்டின் பல்வரிசையில் பச்சை பிடித்திருக்கும். பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, ஊதி, திரும்பச் சொருகினால் எழுந்துகொள்ளும். நான் படித்த படிப்புக்கு அங்கே கிடைத்த முதல் வேலை ரப்பர் தேய்ப்பதுதான்.

அமைப்பின் வேலை வீடு கட்டித் தருவது. அனுமந்தைப் பக்கத்து மீனவக் குப்பம் ஒன்றைக் கரையிலிருந்து தள்ளி, மேட்டு நிலத்தில் புதிதாகக் கட்டப்போகிறார்கள். கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்க வேண்டும். யார் பக்கத்தில் வீடு வேண்டும், யார் பக்கத்தில் வேண்டாம், வாசல் எந்தத் திசையில், வலை வைக்க எங்கே இடம். கேட்டு வந்து கம்ப்யூட்டரில் ஏற்ற அந்தக் குப்பத்துப் பெண்களில் படித்த சிலரையே வேலைக்கு எடுத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு தெரு. ஏற்றி முடித்ததும் குறித்து வந்த தாளைக் கிழித்துவிட வேண்டும் என்பது கண்டிப்பான விதி. யார் யாரை வேண்டாம் என்றார்கள் என்பது ஊருக்குள் போனால் வீடு கட்டுவதற்கு முன்பே அடிதடி நடந்துவிடும்.

அந்தப் பெண்களில் ஒருத்தியை நான் அக்கா என்பேன். அவள் கணவனை அலை கொண்டுபோயிருந்தது. இரண்டு சின்னப் பிள்ளைகள். முன்பெல்லாம் கரையில் மீன் ஏலம் எடுத்து, கூடையில் சுமந்து ஊர் ஊராக விற்றவள். இப்போது கரைப் பக்கம் கால் போகவில்லை. கடல் சத்தம் கேட்டாலே வாந்தி வருகிறது என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள், குழம்பில் காரம் அதிகம் என்று சொல்வதுபோல. எங்கள் கிடங்கின் ஜன்னலில் உப்புப் பாத்திகள் மட்டும்தான் தெரியும். கடலைப் பார்க்காமல், கடலைக் கேட்காமல் செய்யக்கூடிய வேலை அவளுக்கு அந்த வட்டாரத்தில் இது ஒன்றுதான். அதனாலேயே எல்லாருக்கும் முன்னால் வருவாள், தன் தெருவையும் எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டாள்.

எல்லாருடைய ஃபைல்களும் போய்ச் சேருவது ஒரு சர்வரில். சர்வர் என்றால் பெரிய சமாச்சாரம் இல்லை. மூலையில் மரப்பெட்டிமேல் ஏற்றி வைத்த இன்னொரு கம்ப்யூட்டர். ஃபைல்களைப் பகிர்ந்துகொள்வதற்கென்று இருக்கும் மூல மென்பொருளை ஒரு கம்பெனி எடுத்து ஒரே சிடியில் கட்டிக் கொடுத்திருந்தது, அதுதான் அதில் ஓடியது. கேட்கிற இடத்திலெல்லாம் 'சரி' என்று தட்டினால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அதன் கையேட்டில் முதல் பக்கத்திலேயே பெருமையடித்திருப்பார்கள். எனக்கு முன்னால் பாண்டியிலிருந்து வந்த ஒருவர் அப்படியே தட்டி முடித்து, பெண்களுக்கு லாகின் பெயர்களும் போட்டுக் கொடுத்துவிட்டு, பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பார்க்காத அந்த மனிதர்மேல் எனக்கு ஏகப்பட்ட பொறாமை.

கட்டடக்காரர்கள் வரைபடம் போட ஃபைல்களைக் கேட்ட வாரம், அக்காவின் தெரு முழுசாகக் காணோம். மற்றத் தெருக்கள் எல்லாம் இருந்தன. அவளுடையது மட்டும் ஒரு வீடு மிச்சமில்லாமல் போயிருந்தது.

ஆபீஸை நடத்திய சார் திண்டிவனம் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். நல்லவர்தான், ஆனால் பயந்த சுபாவம். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஊர்ல வேற மாரி பேசறாங்கம்மா. அந்தத் தெருவுல ரெண்டு மூணு வூட்டுல, தாலி அறுத்தவ வூடு எங்களுக்கு எதிர்ல வேணாம்னு சொல்லியிருக்காங்க. அதப் பாத்துட்டு ஆத்திரத்துல அந்தம்மாவே அழிச்சிடுச்சின்றாங்க. வெள்ளிக்கிழம ஊர்ப் பெரியவங்க வர்றாங்க. அதுக்குள்ள யாரு அழிச்சாங்கன்னு தெரியணும். இல்லன்னா வேலய வுட்டு நிறுத்தச் சொல்லிடுவாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"அவங்கதான் அழிச்சாங்கன்னு யாரு பாத்தாங்க சார்?"

"யாரும் பாக்கல. அதானே உன்ன கேக்கறேன்."

அக்காவிடம் போனேன். எதிர்வீடு வேண்டாம் என்று சொன்னது நிஜமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே சொன்னாள். "ஆமா மேடம், சொன்னாங்க. என் எதுர்லயே சொன்னாங்க. நான்தான் டைப் அடிச்சேன். ஒரு எழுத்து மாத்தல. நான் அழிக்கவும் இல்ல."

நான் நம்பினேன். நம்பிக்கை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை என்ன செய்வது? "எங்க, ஒருவாட்டி என் கண்ணு முன்னாடி உள்ள போய்க் காட்டுங்கக்கா" என்றேன்.

"நீங்க அந்தாண்ட போங்க."

"பாஸ்வேர்டு வெளிய தெரியாதுக்கா, ஸ்டார் ஸ்டாராதான் வரும்."

"அந்தாண்ட போங்கன்றேன்ல."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. உனக்காகத்தானே அலைகிறேன் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு வெளியே போனேன். பாத்தி வரப்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் குத்தியது. உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து, இந்தப் பெண்ணுக்கு என்ன ஆச்சு என்பதுபோலப் பார்த்தார்கள். திரும்பி வந்து சர்வரின் முன்னால் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன்.

யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று சர்வர் தனக்குத்தானே ஒரு பதிவு எழுதிக்கொள்ளும். அதைத் திறந்தேன். அக்கா உட்காரும் கம்ப்யூட்டரிலிருந்து யார் வந்தார்கள் என்று தேடினால் ஒரே பதில்தான் வந்தது. விருந்தாளி. மற்றப் பெண்களின் கம்ப்யூட்டர்களையும் தேடினேன். அவர்களும் விருந்தாளி. ஆபீஸ் திறந்த நாளிலிருந்து அந்தப் பெட்டிக்குள் விருந்தாளியைத் தவிர ஒருவரும் போகவில்லை. சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இங்க எந்த விருந்தாளிம்மா வந்தான்?" என்று வாசலை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

பாண்டிக்காரர் போட்டு வைத்த லாகின் பெயர்களைத் திறந்து பார்த்தேன். எல்லாம் ஆண் பெயர்கள். ஒன்றுகூட ஒருமுறையும் பயன்படுத்தப்படவில்லை.

"இவங்கள்லாம் யாரு சார்?"

"அந்தம்மாங்க வூட்டுக்காரங்க பேரு. அவங்கள்ல பாதிப் பேருக்கு மேல ஊரு அம்மன் பேருதானே வச்சிருக்காங்க. எவங்க எவங்கன்னு அவரு கொழம்பிப் போயிட்டாரு. நான்தான் குடும்பத் தலைவர் பேரப் போடச் சொன்னேன்."

நெற்றியில் அடித்துக்கொண்டேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். வாயால் சொல்லாததைத் தினமும் காலையில் விரலால் அடிப்பார்களா? போட்டவருக்கும் தோன்றவில்லை, போடச் சொன்னவருக்கும் தோன்றவில்லை. அவர்களும் இந்தப் பெயர் ஆகாது என்று யாரிடமும் வந்து சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே அவர்களுக்கு ஏற்படவில்லை, ஏனென்றால் பெட்டிக்குள் போக முடிந்திருக்கிறது. எப்படிப் போக முடிந்தது?

ஒரு கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். பெயர் கேட்டது. 'உப்பு' என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். பாஸ்வேர்டு இடத்தில் கைக்கு வந்ததைத் தட்டினேன். உள்ளே விட்டது. 'கருவாடு' என்று அடித்தேன். விட்டது.

கையேட்டை எடுத்துப் புரட்டினேன். பதிவு செய்யாத பெயருக்கு அனுமதி இல்லை என்று தெளிவாகப் போட்டிருந்தது. சர்வரின் உள்ளே அமைப்புகள் எழுதியிருக்கும் ஃபைலைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். யாரோ ஒரு வரி சேர்த்திருந்தார்கள். தெரியாத பெயர் யாராவது சொன்னால், இல்லை என்று சொல்லாதே, சத்தம் போடாமல் விருந்தாளியாக உள்ளே விடு. அந்த வரியைப் பற்றிக் கையேட்டில் ஒரு வார்த்தை இல்லை. மூல மென்பொருளிலும் அது அப்படி இல்லை. கட்டிக் கொடுத்தவர்கள் சேர்த்தது. எங்கேயோ ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு, ஜனங்கள் லாகின் வரவில்லை என்று போன் போட்டுத் தொந்தரவு செய்யாமல் இருக்க எவனோ கண்டுபிடித்த குறுக்கு வழி. அவன் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எழுத மாட்டேன்.

அதோடு முடியவில்லை. பெயர் தெரிந்தவர்களுக்குத் தனித்தனி இடம், விருந்தாளிகளுக்கு எல்லாம் சேர்த்து ஒரு தற்காலிக இடம். இரண்டும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். தற்காலிக இடத்தில் கொஞ்ச நாள் யாரும் தொடாத ஃபைல்களைச் சர்வர் தானாகப் பெருக்கித் தள்ளிவிடும். இதுவும் கையேட்டில் கிடையாது. மற்றப் பெண்கள் இன்னும் முடிக்கவில்லை. இன்றைக்கு ஒரு வாசல், நாளைக்கு ஒரு பக்கத்து வீடு என்று தினமும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் அவர்கள் தெருக்கள் பிழைத்தன. சரியாகச் செய்து, முடித்து, அப்புறம் கை வைக்காமல் விட்டவளின் தெரு குப்பையோடு போனது.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மதியம் பெண்கள் டிபன் பாக்ஸைத் திறந்த இடத்துக்கே ஓடினேன். "என்ன பேரு போட்டாலும் தொறக்குது. நீங்கல்லாம் இவ்ளோ நாளா இன்னா போட்டுனு இருந்தீங்க?" என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி பிள்ளை பெயர். ஒருத்தி மானிட்டரில் ஒட்டியிருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்து அடித்திருக்கிறாள். அக்காவுக்குப் பக்கத்து நாற்காலிக்காரி, தன் வீட்டு ஆட்டின் பெயரை என்றாள். எல்லாரும் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார்கள். அக்கா மட்டும் சாப்பாட்டை மூடிவிட்டு எழுந்து போனாள்.

வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். நான் போனதும் திரும்பாமலே கேட்டாள்.

"இன்னா பேரு போட்டாலுமா தொறக்கும்?"

"ஆமாக்கா. நீங்க அழிக்கலன்னு இத வச்சே காட்டிடலாம். இனிமே கவலயே இல்ல." நான் உற்சாகத்தில் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தேன்.

"அப்ப நான் போட்டதுக்குன்னு தொறக்கல."

"இல்லக்கா."

யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"அவுரு பேரப் போட்டு எழுதிக் குடுத்தாங்க. நான் எப்படி அத அடிக்கறது? வூட்ல அவுர எப்படிக் கூப்புடுவனோ அதப் போட்டுப் பாத்தேன். ஏங்கன்னு. தொறந்துகிச்சு. அந்தப் பாண்டித் தம்பிதான் தெரிஞ்சி அப்படிப் போட்டு வச்சிருக்குதுன்னு நெனச்சேன். தெனம் காலைல வந்து ஒக்காந்து ஏங்கன்னு அடிப்பேன். தொறக்கும்."

நான் இவ்வளவு நேரம் சந்தோஷமாகக் கத்திக்கொண்டிருந்தது இவளிடம்தான் என்பதை நினைக்க உடம்பெல்லாம் கூசியது.

"வெள்ளிக்கெழம இத மட்டும் சொல்லிடாதீங்க மேடம். வேல போனாலும் போவுது" என்றாள்.

வெள்ளிக்கிழமை பெரியவர்கள் நான்கைந்து பேர் வந்தார்கள். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கம்ப்யூட்டரைச் சந்தேகமாகப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். அக்கா சுவரோரம் நின்றாள். அவளை ஒருவரும் உட்காரச் சொல்லவில்லை. நான் நடுவில் இருந்தவரிடம், "எதனா ஒரு பேரு சொல்லுங்கய்யா" என்றேன். யோசித்துத் தன் படகின் பெயரைச் சொன்னார். அடித்தேன். திறந்தது. இன்னொருவர் சோதிப்பதற்காக, "டீன்னு போடு பாப்போம்" என்றார். அதற்கும் திறந்தது. எல்லாரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்துவிட்டார்கள். தொடாமல் விட்ட ஃபைல்களை இது தானாகத் தூக்கிப்போடும் என்பதையும், அக்காவின் தெரு மட்டும் ஏன் போனது என்பதையும் சொன்னேன்.

"அப்ப வேலய முடிச்சி வச்சதுதான் தப்பா?" என்றார் படகுக்காரர்.

"இந்தப் பெட்டிக்கு அதான்யா தப்பு."

சிரித்துவிட்டார்கள். எனக்கு மூச்சு வந்தது. அப்போது அவரே அக்கா பக்கம் திரும்பினார். "ஆமா, நீ இன்னா பேரும்மா போட்டுனு இருந்த?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான் குறுக்கே விழுந்தேன். "அதெல்லாம் இதுல தெரியாதுங்கய்யா. எல்லாமே விருந்தாளின்னுதான் வரும்." கொஞ்சம் தோண்டினால் தெரியும். எனக்குப் பொய் சொல்லக் கூச்சமே இல்லை. சாரும் என்ன நினைத்தாரோ, காபி சொல்லவா என்று எழுந்துவிட்டார். பேச்சு மாறிப்போனது. அவள் வேலையில் இருக்கலாம், தெருவை மட்டும் திரும்பக் கேட்டு எழுதட்டும் என்று முடிவு செய்து கிளம்பினார்கள்.

அவர்கள் போனதும் அந்த வரியைத் திருத்த உட்கார்ந்தேன். அக்கா வந்து பின்னால் நின்றாள்.

"இனிமே தெரியாத பேருக்குத் தொறக்காதுக்கா" என்றேன். அப்புறம் குரலை இறக்கி, "உங்களுக்கு வேணும்னா நீங்க போட்டதையே நெசமான லாகினா பண்ணித் தரேன். யாருக்கும் தெரியாது" என்றேன். இதைவிட நல்லதாக எனக்கு எதுவும் தோன்றவில்லை.

யோசித்தாள். "வேணாம் மேடம். ஆட்டுப் பேருக்கும் தொறந்துச்சே. இனிமே அதுல போய் அவுர கூப்ட மாட்டேன்." திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "அவுரு பேருல ஒண்ணு போட்டு வச்சிருந்தாங்களே, அது இருக்குதா?"

"இருக்குது."

"அது வேற எவங்களுக்கும் தொறக்காதே?"

"அந்தப் பேருக்கும் உங்க பாஸ்வேர்டுக்கும் மட்டும்தான்."

"அப்ப அது இருக்கட்டும்."

திங்கட்கிழமை மற்றப் பெண்கள் தெருப் பெயரையே லாகினாகப் போட்டுத் தரச் சொன்னார்கள். போட்டுக் கொடுத்தேன். அக்கா தன் இடத்தில் உட்கார்ந்தாள். நான் தள்ளி நின்று, எதையோ துடைப்பதுபோலப் பாவனை செய்துகொண்டு பார்த்தேன். முதலில் அவள் பழையதைத்தான் அடித்தாள். தவறு என்று சர்வர் சொன்னது. இன்னொரு தடவை அடித்தாள். மறுபடியும் சொன்னது. "சரி" என்றாள், அவ்வளவுதான்.

பிறகு பக்கத்து நாற்காலிக்காரியை முழங்கையால் இடித்தாள். ரேஷன் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டால் எங்கள் பெண்கள் பக்கத்தில் நிற்பவளைத்தான் இடிப்பார்கள். அவள் எடுத்துச் சொல்வாள். அந்தப் பெண்ணுக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எட்டிக் கீபோர்டை இழுத்தாள். அவளுக்கு ஆங்கில எழுத்துத் தேடித்தான் அடிக்க வரும், அடிக்கும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடிப்பாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, கடைசியில் சரிபார்க்க முழுப் பெயரையும் ஒருமுறை சத்தமாகச் சொன்னாள். அறையில் எல்லாரும் கையை நிறுத்திவிட்டார்கள். அலைக்குப் பிறகு அக்கா எதிரில் அந்தப் பெயரை எவரும் சொன்னதில்லை.

அந்த வருஷம் முழுவதும் காலையில் அப்படித்தான் நடந்தது. சென்னைக்காரர்கள் கூப்பிட்டு நான் கிளம்பிப் போன நாளிலும் அப்படித்தான் நடந்தது. பக்கத்தில் இருப்பவள் பெயரைச் சொல்லி அடிப்பாள். அக்கா அதைக் கடைசி எழுத்து வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் பாஸ்வேர்டு போடுவாள்.